பந்தக்கால் குழியில் தண்ணீர்

எங்கள் ஊர் ஆற்றைச் செருப்போடு நடந்து கடக்கலாம். வருசத்தில் பதினோரு மாசம் அப்படித்தான். சில வருசம் பன்னிரண்டு மாசமும். வெள்ளாறு என்று பேர். பாலத்தில் பஸ் போகும்போது வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணியவே காணோமே" என்பார்கள். நாங்கள் எட்டிப் பார்ப்பதில்லை.

நான் பந்தல் போடுகிறவன். புதுக்கோட்டையைச் சுற்றிக் கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறேன். இரும்புக் குழாய், கயிறு, தகரம், துணி. இவ்வளவுதான் சாமான். கூடமாட என் வீட்டுக்காரி நிற்பாள். பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி.

இந்த வேலையில் பாதி வானத்தைப் பார்ப்பது. சித்திரையில் குழாயை வெறுங்கையால் பிடிக்க முடியாது. ஈரத்துணி சுற்றிப் பிடிப்போம். பத்து மணிக்கு மேல் தகரத்தில் முழங்கால் வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஒருதரம் தகரத்து மேலே தூக்குவாளியில் மோர் வைத்துவிட்டு வேலை பார்த்தேன். குடிக்கப் போனால் அது மோராக இல்லை, ரசமாக இருந்தது.

ஆடிக் காற்று பரவாயில்லை. நாளெல்லாம் மேற்கே இருந்து ஒரே பக்கமாகத் தள்ளும். எந்தப் பக்கம் கயிறு இழுக்கணும் என்று தெரியும். ஏமாற்றுகிறது வைகாசி. காலையிலிருந்து ஒரு இலை ஆடாது. வேர்த்து ஊற்றும். நாலு மணிக்கு மேற்கே செம்மண் சுவர் மாதிரி எழும்பி வரும். பத்து நிமிசம்தான். அந்தப் பத்து நிமிசம் யார் பேச்சையும் கேட்காது.

என் தங்கச்சி கல்யாணம் வைகாசியில் நடந்தது.

அறந்தாங்கிப் பக்கம் கொடுத்தோம். பந்தல் நான்தான் போட்டேன். வேற யார் போடுவது? காலையில் தாலி கட்டியாயிற்று. சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளையை நிறுத்திப் போட்டோ எடுக்கிற நேரம். ஒரே புழுக்கம். மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கூப்பிட்டு, "ஏந் தம்பி, காத்தே இல்லாம இருக்கு, எனக்கு என்னமோ சரியாப் படல. இன்னும் ரெண்டு கயிறு இழுத்துக் கட்டுனா என்ன?" என்றது.

"ஒண்ணும் வராது அத்தை. நான் பாக்காத வானமா?" என்றேன்.

கால்மணி நேரத்தில் வந்தது. துணி ஒரு தரம் உப்பியது. அப்புறம் குழாய், தகரம், லைட்டு எல்லாம் சேர்ந்து எழும்பியது. அவ்வளவு கனத்தை நான் ஒரு நாள் முழுக்கச் சுமந்திருக்கிறேன். காற்று அதை முறத்தில் இட்ட உமி மாதிரித் தூக்கிப் புடைத்துப் போட்டது. பயப்படக்கூடத் தோன்றாமல், காற்று இப்படியும் தூக்குமா என்றுதான் நின்று பார்த்தேன். அப்புறம்தான் சத்தம் கேட்டது. ஒரு குழாய் அத்தையின் தோளில் விழுந்திருந்தது.

எலும்பு சேர்ந்தது. ஆனால் வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. இன்றைக்கும் எழும்பாது.

அதற்கான பேச்சையெல்லாம் தங்கச்சி வாங்கிக்கொண்டாள். சோறு குழைந்தால், பால் திரிந்தால், "ஒங்கண்ணன் வானம் பாத்த லெச்சணம்தான் ஒனக்கும்" என்று அத்தை சொல்லும். தலை சீவ, ரவிக்கை போட, கொடியில் துணி போட, எல்லாவற்றுக்கும் அந்தக் கை அத்தைக்கு அந்த நாளை ஞாபகப்படுத்தும். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஒரு நாள் தங்கச்சி போனில், "கொஞ்ச நாளைக்கு நீ இங்கிட்டு வராதண்ணே. நானே கூப்புடுறேன்" என்றாள்.

கொஞ்ச நாள் அஞ்சு வருசம் ஆனது. பிள்ளை பிறந்ததைப் போட்டோவில் பார்த்தேன்.

அப்புறம் ஒரு புரட்டாசிக் கடைசியில் கூப்பிட்டாள்.

"ஐப்பசியில புள்ளைக்குக் காது குத்துறோம். மாமன் மடியில வச்சுத்தான குத்தணும். வாண்ணே."

"வாரேன்."

"பந்தலும் நீயே போடணும்."

"அத்தை ஒத்துக்கிட்டாகளா?"

"அவுகதான் சொன்னாக." குரலைத் தாழ்த்தினாள். "எங்க அது நிக்கப்போகுதுன்னும் சொன்னாக."

இந்தப் பந்தல் நிற்க வேண்டும். காது குத்தி முடிகிற வரைக்கும் நின்றால் போதும். அதுக்கு மேலே நான் ஒன்றும் கேட்கவில்லை.

அவர்கள் குலசாமி எங்கள் பக்கம், வெள்ளாற்றுக் கரையில் இருக்கிறது. ஒரு சூலம், நாலு கல். கரை முழுக்கச் சீமைக்கருவை முள். அதனால் ஆற்று மணலில்தான் பந்தல். அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆற்றுக்குள் கையால் ஊற்றுத் தோண்டி, அந்தத் தண்ணீரில்தான் பொங்கல் வைக்கணும். வேற தண்ணீர் ஆகாது. ஊற்று எவ்வளவு சீக்கிரம் மேலே ஊறுதோ அவ்வளவு ஆயுசு பிள்ளைக்கு. இடுப்பளவு தோண்டினால் நல்ல ஊற்று என்பார்கள். சில பேர் ஆளுயரம் தோண்டியிருக்கிறார்கள்.

முதல் நாளே நானும் வீட்டுக்காரியும் போய் வேலையை ஆரம்பித்தோம். ஐப்பசி பிறந்தும் எங்கள் பக்கம் ஒரு தூறல் இல்லை. மணல் சுட்டது. மணலில் குழாய் நிற்காது. ஒரு முழத்துக்கு மேலே குழி தோண்டி, குழாயை இறக்கி, காலில் மணல் மூட்டை கட்டி மூடணும். பன்னிரண்டு குழி தோண்டினேன். அடியில் லேசாக ஈரம். ஆற்று மணலில் அது இருக்கும். கயிறு ஒன்றுக்கு இரண்டாகக் கட்டினேன். இரண்டுக்கு மூன்றாகவும் கட்டினேன். வீட்டுக்காரி சிரித்தாள். "பந்தலா போடுற? யானையக் கட்டுற மாதிரி இருக்கு."

சாயங்காலம் மேற்கே மின்னியது. சத்தம் வரவில்லை. நாலு நாளாக அப்படித்தான். எங்கேயோ பெய்கிறது, நமக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் காலையில் வானம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. ஒரு மேகம் இல்லை. எட்டு மணிக்கு வேனில் எல்லாரும் வந்து இறங்கினார்கள். தங்கச்சி என்னைப் பார்த்தாள். "மெலிஞ்சுட்டியேண்ணே" என்றாள். அவள்தான் மெலிந்திருந்தாள். பிள்ளை என்னிடம் வரமாட்டேன் என்று அவள் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டது.

அத்தை பந்தலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஒரு குழாயை இடது கையால் தட்டிப் பார்த்தது. அப்புறம் பந்தலுக்கு வெளியே, மணலில், வெயிலில், குடையை விரித்து உட்கார்ந்தது.

"உள்ள வாங்கத்தை" என்றேன்.

"நான் இங்கனயே இருந்துக்கிறேந் தம்பி. மிச்சம் இருக்குற ஒரு கையாவது இருக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பொம்பளைகள் ஊற்றுத் தோண்ட உட்கார்ந்தார்கள். கொட்டாங்கச்சியால் மணலை அள்ளிப் போட்டார்கள். முழங்கை அளவு கூடப் போகவில்லை. தண்ணீர் வந்துவிட்டது. கலங்கலாக இல்லை, தெளிவாக. அள்ள அள்ள ஊறியது. குலவை போட்டார்கள். அத்தை குடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தது.

"முழங்கையில வந்துருச்சுடி! எங்க மாமியா காலத்துலகூட இப்புடி வந்ததில்ல. எம்பேத்திக்கு நூறு வயசு!"

சாமியை நோக்கி ஒரு கை மேலே போனது. இன்னொரு கை மார்போடு நின்றது.

எனக்கும் சந்தோசம்தான். சந்தோசத்தோடு போய் ஒரு கயிற்றைத் தொட்டேன். தொய்ந்து கிடந்தது. நேற்றுக் கட்டும்போது கல் மாதிரி இருந்தது, இப்போது தொய்ந்திருக்கிறது. குழாயைப் பிடித்தேன். அது என் கைக்குள்ளேயே கொஞ்சம் கீழே இறங்கியது. மூட்டையைத் தள்ளிவிட்டுக் குழியில் கையை விட்டேன். தண்ணீர். அடுத்த குழியில் பார்த்தேன். அதிலும் தண்ணீர். குளிர்ந்த தண்ணீர்.

நேற்று அந்தக் குழியை நான் தோண்டினேன். அப்போது தண்ணீர் இல்லை. மழையும் இல்லை. ஒரு ராத்திரியில் எப்படி ஏறும்?

மேற்கே பார்த்தேன். வெள்ளை மணல். அதுக்கு மேலே நீல வானம். ஆனால் காற்றில் ஒரு வாடை வந்தது. ஊறின இலை, சேறு. எங்கள் பக்கம் அன்றைக்கு அந்த வாடைக்கு வேலையே இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாலு நாளாக மேற்கே பெய்தது சும்மா பெய்யவில்லை. ஆறு வந்துகொண்டிருக்கிறது. மண்ணுக்குள்ளே வந்து எங்கள் காலடிக்குச் சேர்ந்துவிட்டது. மண்ணுக்கு மேலே வருகிறதுதான் பாக்கி.

உடல் சிலிர்த்தது. ஆனால் நான் சொல்லி, ஆறு வராமல் போனால், தங்கச்சிக்கு இன்னொரு அஞ்சு வருசம். பொங்கல் பானை அடுப்பில் ஏறிவிட்டது. பொங்காத பானையை இறக்குவது அவர்களுக்குப் பெரிய அபசகுனம். சொல்லாமல் விட்டால் மணலில் நாற்பது பேர், பாதி பிள்ளைகள்.

மாப்பிள்ளையிடம் போனேன். "மாப்ள, கரைக்கு ஏறிருவோம். ஆறு வரப்போகுது."

அவர் என்னைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "என்ன மச்சான், வெளையாடுறீங்களா?" போனை எடுத்து நீட்டினார். "பாருங்க, இன்னிக்கு முழுக்கச் சூரியன் படம்தான் போட்டிருக்கான்."

"மழை இல்ல மாப்ள. ஆறு."

"மழை இல்லாம ஆறு எங்கிட்டுருந்து வரும்?"

அத்தைக்குக் காதில் விழுந்துவிட்டது. "என்னடா சொல்றாரு ஒம் மச்சான்?"

"ஆறு வருதாம்மா."

அத்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னது. "அன்னிக்கி வராதுன்னாரு, வந்துச்சு. இன்னிக்கி வருதுங்குறாரு. அப்ப வராது. பயப்படாம உக்காருங்க."

பெரிய சிரிப்பு. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். தங்கச்சியை மட்டும் பார்த்தேன்.

அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்தாள். குத்தவைத்து அந்தக் குழியில் கையை விட்டாள். கையை எடுத்துப் பார்த்தாள்.

"நேத்து இருந்துச்சா?"

"இல்ல."

"எம்புட்டு நேரம் இருக்கு?"

"தெரியலம்மா."

எழுந்தாள். வேற ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையோடு கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நடந்துகொண்டே, "பானைய அப்புடியே தூக்கிட்டு வாங்க" என்றாள்.

"பொங்காத பானையத் தூக்கக்கூடாதுடி!" என்று அத்தை கத்தியது.

"கரையில பொங்கட்டும் அத்தை. சாமி அங்கதான இருக்கு."

தாய் நடந்தால் காதுகுத்து அவள் பின்னாலேதான் போகணும். முணுமுணுத்துக்கொண்டு எல்லாரும் எழுந்தார்கள். இரண்டு பேர் ஈரச்சாக்கைப் பிடித்துப் பானையைத் தூக்கினார்கள். அத்தை குடையை ஊன்றிக்கொண்டு கடைசியாக ஏறியது. "பந்தக்காரன் பேச்சக் கேட்டு முள்ளுக்குள்ள போயி நிக்கணும்னு எந்தலையெழுத்து."

நானும் வீட்டுக்காரியும் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்தோம். மூன்றாகக் கட்டின கயிறு. முடிச்சு விடவில்லை. என் கட்டு எனக்கே எமனாக நின்றது. மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு பந்தலுக்கு நடுவில் நின்றார்.

அரைமணி நேரம் போனது. ஒன்றும் வரவில்லை. கரையில் நிழல் இல்லை. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. யாரோ, "ஆறு பஸ்ஸுல வருதா, நடந்து வருதா?" என்று கேட்டார்கள். அந்த அரைமணி நேரத்தை நான் இப்போது நினைத்தாலும் கழுத்து வேர்க்கும். துணியை மட்டும் அவிழ்த்துச் சுருட்டினோம். வீட்டுக்காரி அதைத் தலையில் வைத்துக்கொண்டு கரைக்குப் போனாள்.

அப்புறம் கேட்டது.

சருகை யாரோ தரையில் இழுத்துக்கொண்டு வருகிற சத்தம். மேற்கே ஆறு திரும்புகிற இடத்தில், மணலில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. கோடு நகர்ந்தது. நான் என்னவோ அலை அடித்து வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நடக்கிற வேகம்தான். நாலு விரல் உயரம். முன்னால் நுரை, சருகு, ஆட்டுப் புழுக்கை, ஒற்றைச் செருப்பு, பிளாஸ்டிக் பாட்டில். அதுக்கும் முன்னால் எறும்பும் பூச்சியும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடின. மணல் தண்ணீரைக் குடித்தது. குடிக்கக் குடிக்கக் கீழேயிருந்து காற்றுக் குமிழி வந்தது. பல வருசம் அடக்கி வைத்த மூச்சு மாதிரி.

நாற்பது பேர் நடந்த காலடிகள் மணலில் கிடந்தன. ஒவ்வொன்றாக நிரம்பியது. அடுப்பில் கங்கு இருந்தது. தண்ணீர் அதைத் தொட்டதும் சீறிப் புகைந்தது. ஊற்றுக் குழிக்கு வந்தது. மேலே வந்த தண்ணீரும் கீழே ஊறின தண்ணீரும் ஒன்றாகப் போனதை நான் பார்த்தேன். என் கால்விரலுக்கு இடையில் ஆறு வந்து நின்றது. தலைக்கு மேலே சுள்ளென்று வெயில்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. மாப்பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்தார்.

"மச்சான், கொழாய விடுங்க! வாங்க!"

பின்னால் வந்தது முதல் தண்ணீர் மாதிரி இல்லை. நாங்கள் கரைக்குப் போவதற்குள் முட்டியைத் தொட்டது. ஏறித் திரும்பிப் பார்த்தால் ஆறு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் விரிந்து கிடந்தது. என் குழாய்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அவசரமே இல்லாமல், களைத்த ஆள் உட்காருகிற மாதிரி. தகரம் மினுக்கென்று ஒரு தரம் திரும்பி உள்ளே போனது.

கரையில் எல்லாரும் தண்ணீரையே பார்த்தார்கள். பிள்ளைகூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. எங்கேயோ, எவன் ஊரிலோ, நாலு நாளைக்கு முன்னால் பெய்த மழை. ஒரு ஆளுக்கும் தெரியாமல் மண்ணுக்குள் நடந்து வந்து, வழி பார்த்து வைத்துவிட்டு, அப்புறம் மேலே வந்திருக்கிறது. இத்தனை வருசம் வானத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். கீழே பார்த்ததில்லை.

அத்தைதான் முதலில் பேசியது. "அம்மாடி, ஆத்தா" என்றது. அவ்வளவுதான். அப்புறம் என் பக்கம் பார்க்காமல், "காது குத்துற ஆசாரி எங்கப்பா? நேரம் போகுதுல்ல" என்றது.

சூலத்துக்கு முன்னால் முள்ளை மிதித்து இடம் பண்ணினார்கள். ஓரமாகக் காய்ந்த முள்ளைக் கூட்டிப் பற்றவைத்து, பானையை மறுபடி ஏற்றினார்கள். நான் ஈரவேட்டியோடு உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். வெயில் பிள்ளையின் மொட்டைத் தலையில் அடித்தது. என் வீட்டுக்காரியின் தலையில் இருந்த பந்தல் துணியைத் தங்கச்சி பார்த்தாள்.

"அண்ணி, அத விரிங்க."

துணியை விரித்தார்கள். குழாய் இல்லை. ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். மாப்பிள்ளை ஒரு மூலை. என் வீட்டுக்காரி ஒன்று. தங்கச்சி ஒன்று. நாலாவதை யாரோ எடுக்கப் போனார்கள். அத்தை தட்டிவிட்டது. இடது கையால் மூலையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கியது.

"ஒனக்கு எதுக்கும்மா?" என்றார் மாப்பிள்ளை.

"சும்மா இருடா. இது விழுந்தா யாரு மேலயும் பழி இல்ல. நானே பிடிச்சிருக்கேன்."

ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டது. என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் பானை பொங்கி வழிந்தது. குலவைச் சத்தத்துக்கு மேலே ஆற்றின் சத்தம் கேட்டது.

ஆறு பத்து நாள் போனது. டவுனிலிருந்து ஜனம் வண்டி வண்டியாக வந்து பாலத்தில் நின்று பார்த்தது. நானும் தினம் போனேன். தண்ணீர் வடிந்த பிறகு கீழே நடந்து தேடினதில் ஏழு குழாய் கிடைத்தது. இரண்டு, வளைந்து கொக்கி மாதிரி இருந்தன. ஒன்று நட்ட மாதிரியே நட்டுக்க நின்றது, வேற இடத்தில். யார் நட்டது என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைப் பிடித்து நின்றேன்.

இப்போது தங்கச்சி அடிக்கடி போன் பண்ணுகிறாள். களத்தில் நெல் காயும்போது, கடலை காயும்போது.

"அண்ணே, மேற்க மேகம் கருக்கல் கட்டுது. அள்ளவா, விடவா?"

பின்னால் அத்தையின் குரல் கேட்கும். "போனுல சூரியன்தான் போட்டிருக்கானாம். ஒங்கண்ணன் என்ன போட்டிருக்காருன்னு கேளு."

நான் வெளியே வந்து மேற்கே பார்ப்பேன். கொஞ்சம் குனிந்து தரையையும் தொட்டுப் பார்ப்பேன்.

"தெரியலம்மா. அள்ளிரு" என்பேன்.

அள்ளிவிடுவாள்.